மருதாணி பூசிய கரடி

மலைக்காட்டில் கருமலை என்றொரு கரடி இருந்தது. பெயருக்கேற்ற கறுப்பு. ஆனால் வயது யாரை விட்டது? முதலில் காதோரம் நரைத்தது. பிறகு தலை, பிடரி, முதுகு என்று வெளுத்துக்கொண்டே வந்தது.

ஒருநாள் அது தேன் எடுக்க மரமேறப் போனது. இளங்கரடி ஒன்று ஓடிவந்து, "பெரியவரே, நீங்க நில்லுங்க! நான் ஏறி எடுத்துத் தர்றேன்!" என்றது.

தேன் இனித்தது. 'பெரியவரே' கசந்தது.

கருமலை நேரே காகத்திடம் போனது. "காக்கையண்ணே! உங்களுக்கு மட்டும் நரைக்கவே மாட்டேங்குதே. எனக்கும் ஒரு வழி சொல்லுங்களேன்!"

"முதல் நாள் மருதாணியை அரைச்சுப் பூசணும்..." என்று தொடங்கியது காகம்.

அவ்வளவுதான்! கருமலை ஓட்டம் பிடித்தது.

"நில்லுமய்யா! மறுநாள் அவுரி இலையை அரைச்சுப் பூசினால்தான் கறுக்கும்!" என்று காகம் கத்தியது யார் காதில் விழுந்தது?

ஒரு புதர் மருதாணியை மொட்டையடித்து, உச்சி முதல் வால் வரை அப்பிக்கொண்டது கருமலை. வெயிலில் காய்ந்து, ஓடையில் குளித்து, இளமை திரும்பிய மிடுக்கோடு குகைக்கு நடந்தது.

வாசலில் விளையாடிய குட்டிகள் இரண்டும் அலறின. "அம்மா! செந்நாய்!"

மனைவி வேம்பி பாய்ந்து வந்து விட்டது ஓர் அறை! கருமலை மூன்று குட்டிக்கரணம் அடித்துச் சேற்றில் விழுந்தது.

"அடியே, நான்தான்டி!"

வேம்பிக்குக் குரல் தெரிந்தது. கிட்டே வந்து உற்றுப் பார்த்தது. "இதென்ன கோலம்? நரைச்சிருந்தாலும் என் வீட்டுக்காரர் கரடியா இருந்தாரே!"

கருமலை சேற்றுநீரில் தன் முகத்தைப் பார்த்தது. பழுத்த பலாச்சுளைக்குக் கண் முளைத்தது போலிருந்தது. குட்டிகளோ தாயின் முதுகுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்தன. அதைக் கண்டதும் அறை வாங்கிய கன்னத்தைவிட மனசுதான் அதிகம் வலித்தது.

"கண்ணுகளா, பயப்படாதீங்க! உங்கப்பன் மூளையைக் கழற்றி வச்சுட்டு மருதாணியைப் பூசிக்கிட்டு வந்திருக்கான், அவ்வளவுதான்!" என்றது. குட்டிகள் மெல்லச் சிரித்தன. கருமலையும் வயிறு குலுங்கச் சிரித்தது.

அப்போது காகம் பறந்து வந்தது. "இப்பவாவது அவுரி பூசிக்கிறீரா?"

"ஐயோ சாமி, வேண்டாம்! அடுத்து நான் பச்சையாகி வந்தா, இவ என்னை மரம்னு நினைச்சு ஏறிடுவா!"

நரையை மறைக்கப் போகிறவன் தன்னையே தொலைத்துவிட்டு நிற்பான்.