பதினோரு வளைவு தாங்கும் கட்டு

குருவைத் தேடி மலையேறியவர்கள் பலர். தவசிக்கனி அண்ணாச்சி லாரி ஏறினார்.

ஐம்பத்து மூன்று வயதில் இந்த வேலை தேவையா என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். கோவில்பட்டி பைபாஸில் இருபத்தாறு வருடமாக லாரி உதிரிபாகக் கடை நடத்துகிறவர் அவர். எந்த வண்டிக்கு எந்தச் சாமான், அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவார்.

ஒருநாள் அவர் கடை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அதில் ரேடியேட்டர் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூங்கில் துண்டு இருந்தது. இரண்டு முனையிலும் சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கியிருந்தார்கள்.

"எங்க இருந்து வருது வண்டி?" என்று கேட்டார்.

"நெல்லூரு."

சொன்னவள் அமலோற்பவம். வண்டியின் டிரைவர். வயது முப்பத்தாறு. முழங்கை வரை கிரீஸ்.

"புதுக் குழாய் ஒண்ணு குடுங்க அண்ணாச்சி" என்றாள், உப்பு வாங்க வந்தவள் மாதிரி.

அன்றிரவு அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. குழாய் இல்லாமல் நெல்லூரிலிருந்து ஒரு வண்டி வருமென்றால், இத்தனை வருடம் நான் விற்றது என்ன? மறுவாரமே கடையை மச்சினனிடம் ஒப்படைத்துவிட்டு, அவளிடம் கிளீனராகச் சேர்ந்துவிட்டார். அவளை வாத்தியாரம்மா என்று கூப்பிட்டார். அவள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டாள்.

எட்டு மாதம் ஓடியது. கற்றது கொஞ்சமல்ல. ஆனால் அவள் வாயிலிருந்து 'நல்லாருக்கு' என்று ஒரு சொல் வரவில்லை. இவர் ஒன்றைச் சரிசெய்வார். அவள் குனிந்து பார்ப்பாள். சிலசமயம் பிரித்துவிட்டுத் தானே செய்வாள். சிலசமயம் "ம்" என்பாள். அந்த 'ம்'முக்கு அர்த்தம் தேடியே அண்ணாச்சிக்கு மிச்சமிருந்த முடியும் கொட்டிவிட்டது.

ஒருமுறை கேட்டே விட்டார்.

"வாத்தியாரம்மா, நல்ல ரிப்பேருன்னா எது?"

"டீ ஆறுது. குடிங்க அண்ணாச்சி."

அதோடு சரி.

ஒருநாள் ஏற்றிய லோடு மீன்குஞ்சு. நூற்றறுபது அட்டைப்பெட்டி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் பாதி தண்ணீர், பாதி ஆக்சிஜன், நடுவில் விரல்நக அளவில் ஆயிரக்கணக்கான உயிர்கள். மலைமேல் குறிஞ்சாக்காட்டு ஏரிக்குப் போக வேண்டும். போன கோடையில் அந்த ஏரி அடியோடு வற்றி, இந்த வருடம்தான் நிரம்பியிருந்தது. ஏரியை நம்பிய அறுபது வீட்டில் ஒரு வருடமாக வலை நனையவில்லை.

காலை ஐந்து மணிக்குப் பண்ணையில் பெட்டியை ஏற்றிவிட்டவர் சொன்னார். "பன்னெண்டு மணிக்குள்ள தண்ணியில விட்டுரணும்மா. அதுக்கு மேல பையில காத்து பத்தாது. இது போச்சுன்னா இந்த வருசத்துக்கு வேற குஞ்சு கெடையாது."

"விட்டுரலாம்" என்றாள் அமலோற்பவம்.

எட்டு மணிக்கு ஒரு கல் தெறித்து டீசல் டேங்கில் விரிசல் விழுந்துவிட்டது. டீசல் நூலாக ஒழுகியது.

அண்ணாச்சி படுத்துப் பார்த்தார். "டேங்கைக் கழட்டி வெல்டிங் வைக்கணும். அரை நாளாவது ஆகும்."

"உங்க குளியல் சோப்பை எடுங்க."

எடுத்துக் கொடுத்தார். அவள் சோப்பைப் பிசைந்து, கட்டைவிரலால் விரிசலுக்குள் வைத்து அழுத்தித் தேய்த்தாள். ஒழுகல் சொட்டானது. பிறகு சொட்டும் நின்றது.

"டீசலுக்குச் சோப்பு கரையாது" என்றாள். "இன்னைக்கு நீங்க குளிக்க முடியாது. பரவால்லயா?"

ஒன்பதரை மணிக்கு இன்ஜின் இருமிவிட்டு அணைந்தது. டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் பம்பு உயிரை விட்டிருந்தது. அண்ணாச்சிக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

"இதே பம்பு நம்ம கடையில மூணாவது அலமாரி, ரெண்டாவது தட்டுல இருக்கு வாத்தியாரம்மா."

"அலமாரி நம்ம கூட வரலையே அண்ணாச்சி."

சொல்லிக்கொண்டே குடிதண்ணீர் கேனைக் கவிழ்த்தாள். டேங்கிலிருந்து வாயால் உறிஞ்சி, கேன் நிறைய டீசல் பிடித்தாள். அதைத் தூக்கிக்கொண்டு கேபின் கூரைமேல் ஏறி, தார்ப்பாய்க் கயிற்றால் கட்டினாள். ஒரு ரப்பர் குழாயைக் கேனில் விட்டு, மறுமுனையை பம்பைத் தாண்டி இன்ஜினில் செருகினாள். குழாயிலிருந்த காற்றை வெளியேற்றிவிட்டு வந்து சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தாறு வருடம் பம்பு விற்றவர். டீசலும் தண்ணீர் மாதிரி மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே இறங்கும் என்பது ஒருநாள்கூட அவர் நினைவுக்கு வந்ததில்லை. இவளை எந்தக் கோவிலில் வைத்துக் கும்பிடுவது என்று தெரியாமல், ஸ்டீரிங் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"ரோட்டைப் பாருங்க அண்ணாச்சி" என்றாள்.

மலைப்பாதையில் பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. ஏழாவது வளைவில் வண்டிக்கடியில் வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். பின்பக்க இடது சக்கரத்தைத் தாங்கும் வில்பட்டை இரண்டாக ஒடிந்துவிட்டது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. மணி பத்தரை.

அமலோற்பவம் முதலில் பட்டையைப் பார்க்கவில்லை. பின்னால் ஏறி ஒரு பெட்டியைத் திறந்து பையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை அண்ணாச்சி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"குஞ்செல்லாம் மேல வந்து வாயைத் திறக்குது. சூடு ஏறிட்டு. நான் சாக்கை நனைச்சுப் போடுதேன். நீங்க பட்டையைக் கட்டுங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா? இன்னும் பதினோரு வளைவு. அது தாங்கினா போதும்."

பாறையில் கசிந்த ஊற்றில் வாளியைப் பிடிக்க அவள் ஓடிவிட்டாள்.

அண்ணாச்சி ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினார். இவள் இருந்தால் என்ன செய்வாள் என்று யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம் யோசிப்பதை விட்டுவிட்டார். யோசனை போனதும், தனக்குத் தெரிந்த ஒரே வேலை கைக்கு வந்தது. கௌஹாத்திக்கும் கட்டாக்குக்கும் கனத்த சாமானைப் பார்சல் போட்ட கை அது. வழியில் எத்தனை பேர் தூக்கி எறிந்தாலும் பிரியாத கட்டு.

ஒடிந்த எலும்புக்குப் பத்தை வைப்பது போல, டயர் கழற்றும் இரும்பு நெம்புகோலை ஒடிந்த இடத்தில் வைத்தார். பழைய டியூபை நாடாவாகக் கிழித்து, ஒரு சுற்று வலம், ஒரு சுற்று இடம் என்று மாற்றி மாற்றிச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றையும் பல்லால் கடித்து இழுத்தார். அதற்குமேல் நைலான் கயிறு. அச்சு பின்னால் நழுவாமல் சட்டத்தோடு சேர்த்து இன்னொரு கயிறு. ஒவ்வொரு முடிச்சையும் பாக்கி வைத்த கடனாளியைப் பார்ப்பது போல முறைத்துப் பார்த்து இறுக்கினார். முழங்காலில் சரளைக்கல் குத்தி ரத்தம் வந்தது அவருக்குத் தெரியாது.

அவள் வந்து குனிந்து பார்த்தாள். ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினாள்.

"ம்" என்றாள்.

வண்டி ஏறியது. எட்டாவது வளைவில் அண்ணாச்சி மூச்சை அடக்கினார். பத்தாவதில் சாமியைக் கூப்பிட்டார். பதினான்காவதில் எதிரே பஸ் வந்து, வண்டியைப் பின்னுக்கு எடுத்து மறுபடி முன்னுக்கு எடுக்க வேண்டியிருந்தது. கட்டு முனகியது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. பதினெட்டையும் தாண்டி ஏரிக்கரையில் நின்றபோது மணி பதினொன்று ஐம்பது.

அறுபது வீட்டு ஜனமும் கரையில்தான் நின்றது. ஆணும் பெண்ணும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பைகளை மிதக்கவிட்டு, ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். செத்து மிதந்தது இரண்டு கைப்பிடி இருக்கும். மீதி அத்தனையும் மின்னிக்கொண்டு உள்ளே போனது. ஒரு பெண் காலிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். அண்ணாச்சியும் கொஞ்சம் அழுதார்.

வண்டியைக் கீழே கொண்டுபோக வேண்டிய டிரைவர் சடையாண்டி அங்கே தயாராக நின்றான். அமலோற்பவத்தின் முதலாளியிடமே வேலை செய்பவன். திரும்பும்போது வெட்டிய மரத்தை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மேலே கேனையும் குழாயையும் பார்த்துச் சிரித்தான். பிறகு கீழே குனிந்தான். சிரிப்பு நின்றது.

"யாரு கட்டுனது இது?"

"நான்தான்" என்றார் அண்ணாச்சி. அடக்கமாகச் சொல்லத்தான் பார்த்தார்.

சடையாண்டி கட்டைப் பிடித்து ஆட்டினான். காலால் உதைத்தான். "ஆத்தாடி! கம்பெனியில கூட இப்பிடிப் போட மாட்டான். ஆறு மாசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம். புதுப் பட்டைக்கு எதுக்குக் காத்துக் கெடக்கணும்? பம்பு மட்டும் மாத்திட்டு நான் லோடை ஏத்துதேன்."

அண்ணாச்சிக்கு நெஞ்சு கொள்ளவில்லை. எட்டு மாதம் ஏங்கிய சொல், வேறு வாயிலிருந்து என்றாலும், வந்துவிட்டது. ஓரக்கண்ணால் அமலோற்பவத்தைப் பார்த்தார்.

அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "எத்தனை டன்னு?" என்று கேட்டாள்.

"ஒம்பது."

அவள் சொம்பை வைத்துவிட்டுப் பெட்டியிலிருந்து கத்தியை எடுத்தாள். சக்கரத்தின் பக்கம் முட்டி போட்டு, கையை உள்ளே விட்டாள். முதலில் கயிறு அறுந்தது. பிறகு டியூப், ஒவ்வொரு சுற்றாக. இரும்பு நெம்புகோல் கணீரென்று தரையில் விழுந்தது. வண்டி பெருமூச்சு விட்டு இடதுபக்கம் உட்கார்ந்தது.

"கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?" சடையாண்டி கத்தினான். "பட்டை வந்து சேர ரெண்டு நாளாகும்! மரம் அங்க கெடக்கு!"

"கெடக்கட்டும்" என்றாள். "பதினோரு வளைவுக்குக் கட்டுனது ஒம்பது டன்னைத் தாங்காது."

அவன் முதலாளிக்குப் போன் போட, சிக்னல் கிடைக்கும் மேட்டைப் பார்த்துக் கோபமாக நடந்தான்.

அண்ணாச்சி அறுந்த டியூப் துண்டுகளைப் பார்த்தபடி நின்றார். தன் பல் பதிந்த தடம் ஒன்றில் தெரிந்தது. கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தார். முடியவில்லை.

"வாத்தியாரம்மா, என் கட்டு அவ்வளவு மோசமா?"

அமலோற்பவம் கத்தியைத் துடைத்து மடக்கினாள்.

"மோசமா இருந்தா நான் எதுக்கு அண்ணாச்சி அறுக்கப்போறேன்? அவனே அதை நம்பியிருக்க மாட்டானே."