பிலோமி பக்கம் மாறிப் போன கதை

ஒரு ஊர்ல ஒரு பைண்டர் இருந்தாரு. பேரு சன்னாசி. ஏ குட்டி, கால என் மேல போடாத, கனக்குது. போர்வைய இழுத்துக்கோ. அத்தை சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும். ம் வரலேன்னா கதை நடுரோட்டுல நின்னுக்கும், நான் எறங்கித் தள்ள மாட்டேன்.

"ம்."

ஆங், அப்படி. அச்சாபீஸ்ல இருந்து வர்ற காயிதத்தப் புஸ்தகமாக்குறதுதான் சன்னாசிக்கு வேலை. பதினாறு பக்கம் சேத்து மடிச்ச கட்டு இருக்கும், அதுக்குப் பாரம்னு பேரு. பாரத்த எல்லாம் வரிசையா அடுக்கி, ஊசி நூலால சரக் சரக்னு தைச்சு, மைதாப் பசைய வழிச்சு அப்பி, மேல அட்டைய ஒட்டினாப் புஸ்தகம். அன்னிக்கு மூணு புஸ்தகம் வந்திருந்துச்சு. மூணும் பிள்ளைங்க படிக்கிறது. ஒண்ணு சாகசக் கதை, ஒண்ணு பேய்க் கதை, ஒண்ணு ராஜா காலத்துச் சரித்திரக் கதை. மூணையும் மூணு அடுக்கா வச்சிட்டு மனுசன் டீ குடிக்கப் போனாரு.

அப்போ பசை வாசத்துக்கு ஒரு வெள்ளாடு உள்ள வந்துச்சு. சுவத்துல ஒட்டின போஸ்டரையே பசைக்காகக் கிழிச்சுத் தின்னுற கழுதை அது, பசை வாளியக் கண்டா விடுமா? சளப் சளப்னு நக்கிச்சு. நக்கின சந்தோஷத்துல ஒரு துள்ளு துள்ளிச்சு பாரு, மூணு அடுக்கும் சரசரசரன்னு சரிஞ்சு ஒண்ணாக் கலந்து போச்சு. சன்னாசி வந்து பாத்தாரு. எந்தப் பாரம் எந்தக் கதைன்னு பிரிச்சு அடுக்கணும்னா சாயங்காலம் ஆயிரும். "எல்லாம் சின்னப் பிள்ளைங்க படிக்கிறதுதான, என்ன கெட்டுப் போச்சு"ன்னு கைக்கு வந்தபடி எடுத்துத் தைச்சுட்டாரு.

எனக்கு இங்கதான் கோவம் கோவமா வரும். பெரியவங்க படிக்கிறதா இருந்தா இப்படிப் பண்ணுவாரா? பிள்ளைங்கன்னா அவ்ளோ இளக்காரம்! சரி, அந்தாளு தைச்சது வெளிய. உள்ள என்ன ஆச்சுன்னு கேளு.

"ம்."

உள்ள, சாகசக் கதையில, பிலோமின்னு ஒரு பொண்ணு. கடக்கரைக்காரி. வயசு உன்னைவிடக் கொஞ்சம் கூட, வாய் ரொம்பவே கூட. அவளுக்கு ஒரு தம்பி, பேரு சேவி, ஆறு வயசு. நீச்சல் இன்னும் வரல. ரெண்டு பேரும் சங்கு பொறுக்கப் போனாங்க. பாறைக்கு மேல ஒரு பொத்தல் இருந்துச்சு, கீழ குகை. உள்ள ஏதோ மினுங்குதுன்னு சேவி தொம்முனு குதிச்சிட்டான். குதிக்கத் தெரிஞ்ச தொரைக்கு ஏறத் தெரியல. அப்போ பாத்துக் கடல் ஏற ஆரம்பிச்சிருச்சு. களுக் களுக்னு குகைக்குள்ள தண்ணி வருது. கூப்பிட்டா ஓடி வர ஒரு ஆள் இல்ல, ஊரே மாதா கோவில் தேர் பாக்கப் போயாச்சு.

"ஏலே சேவி, அந்தக் கல்லு மேல ஏறி நில்லு. நான் கயிறு எடுத்துட்டு வாரேன்."

"வந்துருவியாக்கா?"

"வராம எங்கலே போவேன்? நில்லு."

அப்புறம் பிலோமி கரையில கெடந்த வள்ளத்துக்கு, அதான் படகுக்கு, ஓடினா. வள்ளத்துல கெடந்த கயித்த உருவித் தோள்ல போட்டா. திரும்பி ஓடினா. சர் சர் சர்னு மணல் பறக்குது. அந்தப் பக்கத்தோட கடைசி வரி வந்துச்சு. ஒரே தாண்டு தாண்டினா.

கிறீச்ச்ச்ச்.

காலுக்குக் கீழ மணல் இல்ல. மரத்தரை. கடல் சத்தமும் இல்ல.

என்ன ஆச்சு சொல்லு? ஆமா, சன்னாசி பண்ணின வேலை. அவ கதையோட அடுத்த பாரம் இருக்க வேண்டிய எடத்துல பேய்க் கதைப் பாரம். கும்மிருட்டு. பாழடைஞ்ச பங்களா. மாடிப்படியில ஜல்... ஜல்... ஜல்... ஏன் இப்ப என் கையப் பிடிக்கிற? விடு, நல்ல பேய்தான். பேரு வடிவாம்பா. வெள்ளைச் சேலை, தரையக் கூட்டுற அளவுக்கு முடி.

"ஊஊஊ... யாரது?"

"நான் பிலோமி. கடலுக்கு எந்தப் பக்கம் போவணும்?"

பேய்க்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அதுகிட்ட வழி கேட்டவங்க இதுவரைக்கும் யாருமில்ல.

"மொதல்ல நீ பயப்படணும். பயப்படாம ஒருத்தரும் இந்தப் பங்களாவத் தாண்ட முடியாது. இந்தப் புஸ்தகத்துல அதான் வழக்கம்."

"சரி, சீக்கிரம் பயமுறுத்து. எனக்கு அவசரம்."

அப்போ வடிவாம்பா கழுத்தக் கரகரகரன்னு ஒரு சுத்து சுத்திச்சு. "மெல்ல, சுளுக்கிக்கப் போவுது"ன்னா பிலோமி. அப்புறம் வாயத் திறந்து பல்ல எல்லாம் காட்டிச்சு. "வெத்தலை போடுவியோ?"ன்னு கேட்டா பிலோமி. கடைசியா பேய் என்ன பண்ணிச்சு தெரியுமா, தன்னோட கையவே கழட்டித் தொப்புனு கீழ போட்டுச்சு. பிலோமி குனிஞ்சு எடுத்துத் தூசியத் தட்டி, "இந்தா, விழுந்துருச்சு"ன்னு குடுத்தா.

சிரிக்காத. பேய் அழுற மாதிரி ஆயிருச்சு. "உனக்குப் பயமே கெடயாதா?"

அதுவரைக்கும் துடுக்காப் பேசிட்டிருந்தவ அப்போதான் கயித்த இறுக்கிப் பிடிச்சா.

"இருக்கு. நெறைய இருக்கு. ஆனா உன்னப் பாத்து இல்ல. எந்தம்பி குகைக்குள்ள நிக்கான். வாரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். தண்ணி இப்ப அவன் இடுப்புக்கு வந்திருக்கும். அவன் என்னையத் தவிர வேற யாரையும் கூப்பிட மாட்டான். நான் இங்கன நின்னு உங்கூடப் பேசிட்டு இருக்கேன்."

வடிவாம்பா எத்தனையோ பேரோட பயத்தப் பாத்திருக்கு. எல்லாரும் தங்களுக்காகப் பயந்தவங்க. இன்னொருத்தருக்காக இப்படி ஒருத்தர் பயந்து அது பாத்ததே இல்ல. பங்களாக் கதவு படார்னு தானாத் திறந்துச்சு.

"ஏ பொண்ணு, அந்தக் கயிறு எட்டுமா?"

"பாதி தூரந்தான் எட்டும்."

"என் முடியையும் சேத்து முடிஞ்சுக்கோ. நானும் வாரேன்."

"ம்... அப்புறம் அத்தை?"

அப்புறம் ரெண்டு பேரும் கைகோத்துட்டு அந்தப் பக்கத்தத் தாண்டினாங்க.

டம டம டம டம! பூம்ம்ம்!

முரசு. சங்கு. ராஜசபை! சரித்திரக் கதைப் பாரம். நடுவுல சிம்மாசனத்துல ஒரு ராஜா, தொந்தியும் தலைப்பாகையுமா. அவரு முன்னாடி ஒரு கட்டியக்காரன் நின்னு ராஜாவோட பட்டம் எல்லாம் சொல்லிட்டிருந்தான். "மலை ஏழும் கடந்த மகாராஜர், பராக்! பகைவர் முதுகு கண்ட பராக்கிரமர், பராக்!" அது பாட்டுக்குப் போகுது. அங்க என்ன வழக்கம்னா, எல்லாப் பட்டமும் சொல்லி முடிச்சாத்தான் ராஜா எதையும் செய்யலாம். பாவம், மனுசனுக்குத் தும்மல் வந்திருக்கு. "ஹா... ஹா..."ன்னு வாயத் திறந்தபடி காத்திருக்காரு. இலையில போட்ட சோறு ஆறிப் போயிக் கெடக்கு. கட்டியக்காரன் நடுவுல ஒரு பட்டத்த மறந்துட்டான்னா திரும்ப மொதல்ல இருந்து வேற ஆரம்பிப்பான்!

"மகாராஜா, வழி விடுங்க. எந்தம்பி..."ன்னு பிலோமி ஆரம்பிச்சா.

"உஷ்ஷ்ஷ்!"னு சபையே அதட்டிச்சு. பட்டம் சொல்றப்போ குறுக்க யாரும் பேசக் கூடாது.

தண்ணி இப்ப சேவி நெஞ்சுக்கு வந்திருக்கும். இவன் இன்னும் ஆத்தக் கடந்ததச் சொல்லிட்டிருக்கான். அப்போ பிலோமி யோசிச்சா. குறுக்க பேசத்தான கூடாது, பட்டம் சொல்லலாம்ல? கட்டியக்காரன் மூச்சு வாங்குன நேரம் பாத்துத் தொண்டை கிழியக் கத்தினா.

"பிலோமிக்கு வழி விட்ட பெருமான், பராக்!"

புதுப் பட்டம்! கட்டியக்காரன் திகைச்சான். ஆனா பட்டம்னு வந்தாத் திருப்பிச் சொல்லித்தான் ஆகணும், அவன் வேலை அது. "பிலோமிக்கு... வழி விட்ட பெருமான், பராக்!"

"தலைப்பாகையக் கயிறாக் குடுத்த தயாளர், பராக்!"

"தலைப்பாகையக் கயிறாக் குடுத்த தயாளர், பராக்!"

"சேவியத் தூக்க ஓடி வந்த சிங்கம், பராக்! பட்டம் முடிஞ்சுது, பராக்!"

ராஜா துள்ளி எந்திரிச்சாரு. சொன்ன பட்டத்துக்கு ஏத்தபடி நடக்கலேன்னா அவ்வளவும் பொய்யாயிரும்ல? அதோட பட்டம் முடிஞ்சும் போச்சு. "ஹா... ஹா... ஹச்ச்ச்சு!" சபையில பாதி விளக்கு அணைஞ்சிருச்சு. "ஆகா, எம்புட்டு நாளாச்சு! வா பொண்ணே, எங்க அந்தச் சேவி?"ன்னு தலைப்பாகைய மளமளன்னு அவுத்துட்டே ஓடி வந்தாரு. பக்கத்துல பேயப் பாத்ததும் பகைவர் முதுகு கண்ட பராக்கிரமர் தம்முதுகக் காட்டி ரெண்டடி பின்னால ஓடினாரு, அது வேற விஷயம். அப்புறம் வந்துட்டாரு.

குட்டி? தூங்கிட்டியா?

"ம்ஹும். சேவி?"

சேவிகிட்டதான் போறோம். கயிறு, முடி, பட்டுத் தலைப்பாகை, மூணையும் ஒண்ணோட ஒண்ணு முடிஞ்சு பிலோமி ஒரு இழு இழுத்துப் பாத்தா. திண்ணுனு நின்னுச்சு. மூணு பேரும் சேந்து கடைசிப் பாரத்துக்குள்ள தாவினாங்க.

சொய்ய்ய்ங்!

அவ கதைதான்! அவ கடல், அவ பாறை, அவ குகை. ஆனா அந்தச் சன்னாசி இருக்கானே... அந்தக் கடைசிப் பாரத்தத் தலைகீழாத் தைச்சு வச்சிருந்தான். கடல் மேல இருக்கு, வானம் கீழ இருக்கு. மூணு பேரும் பாறை விளிம்பப் பிடிச்சுட்டு அந்தரத்துல தொங்குறாங்க. தலைக்கு மேல இருந்து சேவி குரல் கேக்குது.

"அக்கா! கழுத்துக்கு வந்துருச்சுக்கா!"

பிலோமி கயித்த வீசினா. அது சேவிகிட்டப் போகாம வானத்தப் பாத்து விழுந்துச்சு. ராஜா புஜத்தத் தட்டிட்டு வீசினாரு. அதுவும் வானத்துக்கே போச்சு. சரி, புளியமரத்துல தலைகீழாத் தொங்கிப் பழகின ஆளு வீசட்டும்னு வடிவாம்பா கையில குடுத்தாங்க. அதுக்கும் கயிறு ஏறல.

"கயித்து மேல தப்பில்ல. பக்கமே திரும்பினாத்தான் உண்டு"ன்னுச்சு பேய்.

"அப்ப நாமளே திருப்புவோம்."

"உள்ள இருக்கிற நம்மால திருப்ப முடியாது பொண்ணே. வெளிய இருந்து யாராச்சும் திருப்பணும்."

அப்போ பிலோமி கத்தினா பாரு! "வெளிய யாரு இருக்கீங்க? கதை கேட்டுட்டு இருக்கிறது யாரு? எந்தம்பி முங்கப் போறான், சித்த திருப்பி விடுங்களேன்!"

குட்டி, உன்னத்தான் கேக்குறா.

"நானா?"

பின்ன, நானா கதை கேட்டேன்? நீதான். ஐயோ, எந்திரிச்சு உக்காராத! படு. படுத்தபடியே அந்தப் பக்கமாப் புரண்டு படு. நீ புரண்டாப் பக்கமும் புரளும். மெதுவா... மெதுவா... ராஜா விழுந்துரப் போறாரு... இன்னும் கொஞ்சம்... போர்வை மாட்டுது, இரு... ம், இப்போ!

சளாஆஆர்ர்ர்!

புரண்டுச்சு! வானம் சர்ருனு மேல போச்சு, கடல் திமுதிமுன்னு கீழ வந்துச்சு, மூணு பேரும் பாறை மேல பொத்து பொத்து பொத்துனு விழுந்தாங்க. பிலோமி எந்திரிச்ச வேகத்துல கயித்த வீசினா. நேராப் போயி சேவி மண்டையில தொப்புனு விழுந்துச்சு.

"பிடிலே!"

"பிடிச்சிட்டேன்க்கா!"

"ஐலசா! இழு! ஐலசா! இழு!" முன்னால பிலோமி, நடுவுல பேய், கடைசியில தொந்தி ராஜா. தண்ணி கேக்குது பையனக் குடுன்னு. இவங்க விடல. வந்தான், வந்தான், வந்துட்டான்! சொட்டச் சொட்ட நனைஞ்சு, பல்லு கடகடன்னு அடிக்க, பாறை மேல வந்து நின்னான்.

பிலோமி அவன் முதுகுல பட்டுனு ஒரு அடி வச்சா. அடிச்ச கையாலயே இழுத்துக் கட்டிக்கிட்டா. அவளுக்கு அழுகை நிக்கவே இல்ல.

"ஏன்க்கா இவ்ளோ நேரம்?"

"வழி கொஞ்சம் சுத்துலே. பயந்துட்டியா?"

"இல்ல. நீதான் வாரேன்னு சொன்னேல்ல."

அவ்ளோதான். அப்புறம் அவ மடியில தலைய வச்சான். பேய் தன் முடியால அவன் தலையத் துவட்டுச்சு. ராஜா தலைப்பாகையப் பிழிஞ்சு அவனுக்குப் போத்திவிட்டாரு.

"அத்தை..."

என்ன?

"நான் திரும்பலேன்னா?"

அதான் திரும்பிட்டியே. நீ திரும்பினதாலதான அவன் இப்போ அக்கா மடியில தூங்குறான். இனிமே இந்தப் பக்கம் புரளாத, அங்க அசைஞ்சு அவன் முழிச்சுக்குவான். கண்ண மூடு. ம் சொல்லு.

"ம்..."

ம் சொல்லு.

...

சேவி கரையேறிட்டான், கதையும் கரையேறிருச்சு. தூங்கு கண்ணு.