மூழ்கிய பனிக்கட்டி

கடலோரப் பள்ளியில் பாடம் எடுக்கும் அருளப்பன், தன்னைவிடப் பத்து வயது இளையவரான பிலோமினாவிடம் வேதியியல் கற்றுவந்தார். பிலோமினா முன்பு கல்லூரிப் பேராசிரியை. அதிகம் பேசமாட்டார்.

அன்று மதியம் பாடம் ஐசோடோப்பு. அருளப்பன் முகம் வெளிறியிருந்தது.

"புரோட்டான் கணக்கு ஒண்ணுதான், நியூட்ரான் மட்டும் கூடக்குறைய. எடையே மாறின பிறகும் அதே பேரைச் சொல்றது சரியா டீச்சர்?"

பிலோமினா எழுந்துபோய்க் குளிர்பெட்டியிலிருந்து இரண்டு பனிக்கட்டிகளைக் கொண்டுவந்து, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டார். ஒன்று மிதந்தது. மற்றது சத்தமில்லாமல் அடிக்குப் போய் அங்கேயே கிடந்தது.

அருளப்பன் தம்ளரருகே குனிந்தார். பனிக்கட்டி மூழ்கி அவர் கண்டதேயில்லை.

"அடியில கிடக்கிறது என்ன?"

"அதுவும் தண்ணிதான். கனநீர்னு சொல்வாங்க. அதுல இருக்கிற ஹைட்ரஜன் அணு ஒவ்வொண்ணுலயும் ஒரு நியூட்ரான் கூடுதல்."

"வெளியே தெரியலையே."

"தெரியாது."

அருளப்பன் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பி தஸ்நேவிஸைப் பற்றிச் சொன்னார்.

ஐந்து பேரோடு கடலுக்குப் போய்க் காணாமற்போனவன், நாலு வருஷம் கழித்துத் தனியாகத் திரும்பியிருந்தான். அதே முகம், அதே குரல், புருவத்தில் அதே தழும்பு. சோறு பிசைவதும் பழையபடிதான். உடம்பு பாதியாய் இளைத்துவிட்டது. ஆனால் அவன் உட்கார்ந்தால் கட்டில் கயிறு தரைவரை தொய்கிறது. ஈர மணலில் அவன் காலடி மட்டும் கணுக்கால் ஆழம் பதிகிறது. கூடப் போனவர்களைப் பற்றிக் கேட்டால் கடலைப் பார்க்கிறான். நேற்று அண்ணனோடு வள்ளத்தில் ஏறினான். அவன் பக்கமே சாய்ந்து தண்ணீர் உள்ளே புகுந்தது. அருளப்பன் கரைக்குக் குதித்துவிட்டார்.

கடல் வேறெதையோ அனுப்பியிருக்கிறது என்று ஊரில் பேச்சு. இருட்டுவதற்குள் அவனை வெளியேற்றச் சொல்லிவிட்டார்கள்.

"அவன் என் தம்பிதானா டீச்சர்?"

பிலோமினா தம்ளருக்குள் கைவிட்டு, அடியில் கிடந்ததை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அது மெல்லக் கரைந்தது. எந்தத் தண்ணீரையும்போல விரலிடுக்கில் வழிந்தது.

"அந்தப் பாரம் எப்பவாவது இறங்குமா?"

"சில ஐசோடோப்பு தானாச் சிதைஞ்சு மாறிடும். இந்த வகையில இறங்காது சார்."

"அப்போ வள்ளம் கவிழ்ந்திடுமே."

பிலோமினா அவர் கண்களை நேராகப் பார்த்தார்.

"நீங்க குதிச்ச பிறகு, மறுபக்கப் பாரத்துக்கு யார் உட்கார்ந்திருந்தாங்க?"