தாளில் ஒட்டிய பெயர்

ஒரு பழைய பல்கலைக்கழகத்தில் ஒரு செடி குடியிருந்தது. தோட்டத்தில் இல்லை, தாவரவியல் துறையில் காய்ந்த செடிகளைச் சேர்த்துவைக்கும் ஹெர்பேரியத்தில், மூன்றாவது இரும்பு பீரோவில், கெட்டித் தாளில் ஒட்டப்பட்டு, எண்பது வருஷமாக. வேர், தண்டு, ஏழு இலை, ஒரே ஒரு பூ. பூ மிச்சமிருந்ததே பெரிய விஷயம். மற்ற பூக்களெல்லாம் பல கை பட்டு எப்போதோ உதிர்ந்துவிட்டன.

தாளின் கீழ் மூலையில் ஒரு சீட்டு. அந்தக் காலத்துப் பேராசிரியர் ஒருவர் செடியின் லத்தீன் பெயரைப் பேனாவால் எழுதி ஒட்டியது. சொல்லி முடிப்பதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும், அவ்வளவு நீளமான பெயர். சீட்டுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

“முப்பத்தொரு பேர் என்னைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்” என்று அது அடிக்கடி சொல்லும்.

“என்னைப் பார்த்து எத்தனை பேரு வாங்கினாங்க?” என்று ஒரு நாள் செடி கேட்டது.

“உன்னை எதற்குப் பார்க்க வேண்டும்? அதுதான் நான் இருக்கிறேனே.”

சீட்டு சொன்னதில் பொய் இல்லை. வருகிறவர்கள் பீரோவைத் திறப்பார்கள், குனிந்து சீட்டைப் படிப்பார்கள், நோட்டில் எழுதிக்கொண்டு கேன்டீனுக்கு டீ குடிக்கப் போய்விடுவார்கள். படித்தவர்கள் செய்கிற தப்பு இது. எழுதப் படிக்கத் தெரியாதவன் வந்திருந்தால் செடியையாவது பார்த்திருப்பான்.

செடிக்கு அந்தப் பெயர் தன்னுடையது என்று ஒரு நாளும் பட்டதில்லை. அந்தப் பெயர்க்காரர்கள் அது வளர்ந்த மலையில் எதிர்ச் சரிவில் கூட்டமாக இருந்தார்கள். அவர்கள் விடிகாலையில் பூப்பார்கள். இது சாயங்காலத்தில் பூத்தது. ஆனாலும் காய்ந்துபோன செடி சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? மனசு கசந்துபோய்த்தான் கிடந்தது.

அப்போதுதான் பொன்மாரி வந்தாள். ஆராய்ச்சி மாணவி. அவளிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. தாளை மேஜையில் வைத்ததும், பையில் இருந்த நாடக விழா நோட்டீஸை எடுத்துச் சீட்டின் மேல் வைத்து மறைத்தாள். பெயரைப் பார்த்துவிட்டால் செடி கண்ணுக்குத் தெரியாது என்பது அவள் கட்சி.

“என் மேல் நோட்டீஸா? அதுவும் கூத்தாடுகிறவர்களின் நோட்டீஸா?” என்று சீட்டு உள்ளே இருந்து பொருமியது.

பொன்மாரியின் கழுத்தில் தொங்கிய லென்ஸ் செடியின் மேல் குனிந்தது. “பயப்படாதே. நான் சும்மா பார்க்கத்தான் வந்திருக்கேன்” என்றது.

“பார்த்துக்கோ. எண்பது வருஷமா அதுக்குத்தான் ஆள் தேடிட்டிருக்கேன்” என்றது செடி. சொல்லும்போதே அதற்கு அழுகை வந்தது.

முக்கால் மணி நேரம் பார்த்தாள் பொன்மாரி. பிறகு நோட்டீஸை எடுத்துச் சீட்டைப் படித்தாள். புருவம் சுருங்கியது. நேராகப் போய்த் தன் வழிகாட்டியான பேராசிரியர் தேவசகாயத்தைக் கூட்டிவந்தாள்.

“சீட்டுல இருக்கற பேர் சரின்னா, பூவோட சூல்பையில மூணு அறை இருக்கணும் சார். எனக்கு இலையைப் பார்த்தாலே சந்தேகமா இருக்கு. பூவைத் திறந்து பார்த்துடலாமா?”

“ஒரே பூதானேம்மா இருக்கு. இந்தச் செடி வளர்ந்த சரிவு இப்ப அணைத் தண்ணிக்கு அடியில. இன்னொண்ணு பறிச்சுட்டு வர முடியாது. அதோட, சீட்டுல இருக்கறது எங்க வாத்தியாருக்கு வாத்தியார் கையெழுத்து.”

“தெரியும் சார். ஆனா இதை வச்சு முப்பத்தொரு தீசிஸ் வந்திருக்கே, அதுல யாராவது ஒருத்தர் திறந்து பார்த்திருக்காங்களா?”

பக்கத்து இசைத் துறையில் ஆண்டு விழாவுக்காக ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்பவர் மாதிரி தேவசகாயம் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“அந்த முப்பத்தொண்ணுல நானும் ஒருத்தன்மா” என்றார் கடைசியில். “மூணு அறைன்னு எழுதியிருக்கேன். பார்த்துட்டு எழுதலை. சீட்டு சொல்லுச்சு, எழுதினேன்.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வெந்நீர் வை.”

காய்ந்த பூவை வெந்நீரில் போட்டால்தான் இளகும். இளகினால்தான் நொறுங்காமல் திறக்க முடியும். தண்ணீர் சுடுவதற்குள் சீட்டு செடியிடம் ரகசியம் பேசியது.

“நான் சொல்வதைக் கேள். இடுக்கி தொட்டதும் பூவை உதிர்த்துவிடு. தூளாகிவிட்டால் எண்ண ஒன்றும் இருக்காது. உனக்கும் எனக்கும் பழைய மரியாதை அப்படியே இருக்கும். உள்ளே மூன்று அறைதான் இருந்தது என்று வை, பூவும் போய், வீம்பும் போய் நிற்பாய்.”

செடிக்குத் திக்கென்றது. தன் உள்ளே எத்தனை அறை என்று அதற்கே தெரியாது. தன்னைத் தானே திறந்து பார்த்தவர் யார்?

“நீ என்ன சொல்றே?” என்று லென்ஸைக் கேட்டது.

“எனக்கும் தெரியாது. இருக்கறதைக் காட்டுவேன். உனக்குப் பிடிச்சதைக் காட்டுன்னா என்னால ஆகாது.”

“அது போதும்” என்றது செடி. “பார்க்காம போனவங்க காலமெல்லாம் இந்தப் பூவைக் காப்பாத்தினேன். பார்க்க ஒருத்தி வந்த அன்னிக்கா தூளாக்குவேன்?”

இடுக்கி வந்தது. செடி இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிப் பூவை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. காம்போடு, ஓர் இதழ் சிந்தாமல், அப்படியே கொடுத்தது. வலித்தது. இருந்தாலும் கொடுத்தது.

எண்பது வருஷத்துக்குப் பிறகு பூ தண்ணீர் குடித்து மெல்ல விரிந்தது. பொன்மாரி ஊசியால் சூல்பையைப் பிரித்தாள். லென்ஸ் குனிந்தது.

“ரெண்டு சார்.”

“இன்னொரு தடவை எண்ணும்மா.”

“ரெண்டுதான் சார்.”

தேவசகாயம் தானே குனிந்து எண்ணினார். பிறகு அலமாரியில் இருந்த தடித்த புத்தகங்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். மாலைக்குள் ஏழு புத்தகம் தேடியாயிற்று. இந்த இலையும் இரண்டு அறையும் சேர்ந்த செடி எதிலும் இல்லை.

“இது புதுசும்மா” என்றார். வாத்தியாருக்கு வாத்தியார் கையெழுத்து தோற்றுப்போன வருத்தம் அவர் முகத்தில் மருந்துக்கும் இல்லை. பரீட்சை பாஸான பையன் மாதிரி சிரித்தார்.

செடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பூ போனது போனதுதான். ஆனால் இனி யாருடைய பெயரையும் சுமக்க வேண்டாம்.

சீட்டோ பிளேடுக்காகக் காத்திருந்தது. சுரண்டி எடுத்துக் குப்பையில் போடப் போகிறார்கள் என்று நடுங்கியது. பாவம், அதற்கு ஹெர்பேரியத்து வழக்கம் தெரியாது. தன் பக்கத்தில் வேறொரு சீட்டு ஒட்டி அது பார்த்ததே இல்லை. இங்கே தப்புச் சொன்ன சீட்டையும் கிழிக்க மாட்டார்கள். யார் பார்த்தார்கள், என்றைக்கு, எதைப் பார்த்தார்கள் என்று எழுதி, பக்கத்தில் புதிதாக ஒன்று ஒட்டுவார்கள். அவ்வளவுதான்.

பொன்மாரி அப்படித்தான் செய்தாள். திறந்த பூவை உலர்த்தி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கும்படி ஒரு காகித உறையில் போட்டுத் தாளிலேயே ஒட்டினாள். பக்கத்தில் புதுச் சீட்டு: “சூல்பையில் இரண்டு அறை. முன்பு சொன்ன இனம் அல்ல. புதியது.” கீழே தேதியும் கையெழுத்தும்.

பசை காய்வதற்குள் புதுச் சீட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசத் தொடங்கிவிட்டது. “இத்தோடு விஷயம் முடிந்தது. இனி இங்கே வருகிறவர்கள் என்னைப் படித்தால் போதும், உறையைப் பிரித்துச் சிரமப்பட வேண்டாம்.”

பழைய சீட்டு அதை ஏற இறங்கப் பார்த்தது.

“தம்பி, கொஞ்சம் வலது பக்கம் திரும்பிப் பார். தாளில் இன்னும் இரண்டு சீட்டுக்கு இடம் இருக்கிறது.”