துடுப்புப் பானைக்குத் தடை

தேனாற்று நாட்டு ராஜா குலசிங்கனுக்குச் சலித்துப் போயிற்று. எவனை அமைச்சனாக்கினாலும் ஜனங்கள் ராஜாவைத்தான் திட்டினார்கள். "இனி நீங்களே ஆளைப் பொறுக்குங்கள், நீங்களே திட்டிக்கொள்ளுங்கள்" என்று நாடு முழுக்கத் தேர்தல் வைத்துவிட்டார். ஊருக்கு இரண்டு பானை. பிடித்த ஆளின் பானையில் ஆளுக்கொரு புளியங்கொட்டை போட வேண்டும். ஆகா, என்ன பெருந்தன்மை என்று அரசவை உருகியது.

வாள் வரைந்த பானை தளவாய் மார்த்தாண்டருக்கு. நாட்டின் படைத்தலைவர் அவர். போர்க்களத்தில் அவரைப் பார்த்தவர் இல்லை, விருந்தில் பார்க்காதவர் இல்லை. துடுப்பு வரைந்த பானை ஓடக்காரி பேராச்சிக்கு. அமைச்சர் பதவிக்கு ஒரு பெண் நிற்பது அந்த நாட்டில் அதுவே முதல் தடவை. "பொம்பளை உட்கார்ந்தால் அந்த ஆசனம் என்ன ஆகும்?" என்று அவைப் பெரியவர்கள் சோறு இறங்காமல் தவித்தார்கள். இதுவரை உட்கார்ந்த ஆம்பளைகளால் அது என்ன ஆயிற்று என்று யாரும் யோசிக்கவில்லை.

யோசித்தவர் ஒரே ஒருவர், அவைப்புலவர் இலஞ்சியப்பர். போன ஐப்பசி வெள்ளத்தில் அவருடைய தங்கையையும் பிள்ளைகளையும் கூரைமேலிருந்து இறக்கி ஓடத்தில் ஏற்றியவள் பேராச்சி. அந்த நன்றி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஒருநாள் அவையில் தளவாய் மீசையை நீவிக்கொண்டு சிரித்தார். "அந்தத் துடுப்புக்காரிக்காக எவன் ஓய் தெருவில் இறங்கி வேலை செய்வான்?"

"ஊர் ஊருக்கு இறங்குவார்கள், தளவாய் அவர்களே" என்றார் இலஞ்சியப்பர். வாய் சும்மா இருந்தால்தானே.

ராஜாவுக்கு வேடிக்கை கிடைத்துவிட்டது. "நல்லது. தேர்தலுக்குள் ஒவ்வோர் ஊரிலும் அவளுக்குத் தொண்டர்கள் இருக்க வேண்டும். நீர் அரண்மனையை விட்டு வெளியே போகக் கூடாது. யாருக்கும் காசு கொடுக்கக் கூடாது. அவளைப் புகழ்ந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. முடியாவிட்டால், ஆயுசுக்கும் தளவாயின் எச்சில் படிக்கத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடக்க வேண்டும்."

தளவாய் அப்போதே வெற்றிலையைக் குதப்பிக்கொண்டிருந்தார். படிக்கம் நிரம்பி வழிந்தது. இலஞ்சியப்பர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

மறுநாள் காலை அரண்மனைக்கு வந்த தளவாயிடம் போய்க் கும்பிட்டார்.

"தளவாய் அவர்களே, நான் தோற்றது தோற்றதுதான். நாளைக்குத் தங்கள் பின்னால் நடக்கப் போகிறவன். தங்களுக்கு ஒரு கெடுதல் வந்தால் எனக்கும்தானே? ஊரில் நாலு பேர் அவளைப் பற்றி முணுமுணுக்கிறார்களாம்."

"எவன் அவன்? இன்றைக்கே தடை போடுகிறேன். அவளைப் பற்றி யாரும் பேசக் கூடாது."

"அருமை. ஆனால் எதைப் பேசக் கூடாது என்று சொல்ல வேண்டாமா? 'அதுதான் தடை என்று எங்களுக்குத் தெரியாதே' என்று தப்பித்துக்கொள்வார்களே."

"அதுவும் சரிதான். என்னென்ன பேசுகிறார்களாம்?"

"வெள்ளத்தில் ஊர் சனத்தைக் கரையேற்றினாளாம். பிள்ளைத்தாய்ச்சிகளிடம் ஓடக்கூலி வாங்க மாட்டாளாம். அன்றைக்குத் தங்கள் படை கரையிலே நின்று வேடிக்கை பார்த்ததாம்."

தளவாய் முகம் சிவந்தது. "அதையுமா தண்டோராவில் சொல்வது?"

"சட்டத்தில் ஓட்டை இருக்கலாமா? தங்கள் விருப்பம்."

ஓட்டை என்றதும் தளவாய்க்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே பறை முழங்கக் கிளம்பினார்கள் அவருடைய ஆட்கள்.

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், வெள்ளத்தில் தளவாயின் படை கரையில் நின்றபோது, பேராச்சி தன் ஓடத்தில் ஜனங்களைக் காப்பாற்றினாள் என்றும், பிள்ளைத்தாய்ச்சிகளிடம் ஓடக்கூலி வாங்குவதில்லை என்றும் யாரும் பேசக் கூடாது. துடுப்புப் பானையில் யாரும் கொட்டை போடக் கூடாது."

பூங்குளத்தில் ஒருத்தி இடுப்புக் குடத்தோடு நின்று கேட்டாள். "எந்தப் பானைய்யா? எங்களுக்கு என்ன தெரியும்?"

சேவகன் பொறுமையாகச் சுவரில் துடுப்பை வரைந்து காட்டினான். "இதோ பாரும்மா. இப்படி இருக்கும். மறந்தும் இதில் போட்டுடாதே."

வீட்டுக்கு வீடு வரைந்தார்கள். பேராச்சி என்ற பெயரே கேள்விப்படாத மலையோரக் கிராமங்களுக்கும் தளவாயின் குதிரைகள் மூச்சிரைக்க ஏறின. தெருவுக்கு மூன்று முறை சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. சொல்லிச் சொல்லிச் சேவகர்களுக்கே மனம் மாறியது. "தினமும் அந்தம்மா செஞ்சதைச் சொல்லுறேன். எங்க அம்மா பிள்ளைத்தாய்ச்சியா ஆத்தங்கரையில நின்னப்ப இப்படி ஒருத்தி இல்லையேன்னு இருக்கு" என்றான் ஒருவன். அதற்கப்புறம் அவன் தடையைச் சொல்லும்போது 'கூடாது' மட்டும் மெதுவாக வந்தது.

தேர்தல் முடிந்தது. துடுப்புப் பானைகள் வாய்வரை நிரம்பி, புளியங்கொட்டை தரையில் சிதறிக் கிடந்தது. வாள் பானைகளில் சில ஊர்களில் பல்லி குடியிருந்தது.

ராஜா இலஞ்சியப்பரைக் கூப்பிட்டார். "வாசலைத் தாண்டினீரா?"

"இல்லை அரசே."

"காசு?"

"என்னிடம் ஏது?"

"அவளைப் புகழ்ந்தீரா?"

"சத்தியமாக இல்லை. எதையெல்லாம் பேசக் கூடாது என்றுதான் சொன்னேன்."

"பிறகு ஊர் ஊராய்ப் போன தொண்டர்கள் யார்?"

இலஞ்சியப்பர் பணிவாகக் கையைக் காட்டினார். "தளவாய் அவர்களின் ஆட்கள், அரசே. குதிரையும் பறையும்கூட அவருடையவை. எனக்கு அவர் செய்த உதவியை மறக்க மாட்டேன்."

தளவாய் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்ப இடம் தேடினார். படிக்கத்தை நீட்ட யாருமில்லை. விழுங்கிவிட்டார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேராச்சி அமைச்சர் ஆசனத்தில் உட்கார்ந்தாள். ஆசனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"புலவரே, என்ன பரிசு வேண்டும்? கேளும்."

"பெரிதாக ஒன்றுமில்லை அரசே. என்றைக்காவது நானும் தேர்தலில் நின்றால், தளவாய் அவர்களை விட்டே என்னையும் தடை செய்யச் சொல்லுங்கள்."