சட்டை செய்யாத சிட்டு

புற்றடியில் ஒரு சட்டைக்கடை இருந்தது. அதற்கு முதலாளி மாணிக்கம்மாள் என்ற நல்ல பாம்பு.

காட்டில் சட்டை உரிக்கிற குலம் தன் குலம்தான் என்று அவளுக்கு ஒரே தலைக்கனம். "உடுப்பைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்?" என்று படமெடுப்பாள். மானும் முயலும் மந்தியும் அதை நம்பின. 'இந்த மாதம் புங்க இலை' என்று அவள் சொன்னால் காடே புங்க இலையை உடுத்தும். மறுநாளே "சீ, புங்கமா!" என்றால் எல்லாம் அவிழ்த்துப் போடும்.

அத்தனை உடுப்பையும் தைத்தவள் செவ்வந்தி என்ற தையல்சிட்டு. ஊசி மாதிரி அலகு அவளுக்கு. மாணிக்கம்மாள் ஒரு தையல்கூடப் போட்டதில்லை. கைதான் இல்லையே!

கடையில் ஓர் ஓணானும் இருந்தது. அம்மாள் எது சொன்னாலும் தலையாட்டுவது அதன் வேலை.

ஒரு நாள் மாணிக்கம்மாள் கூப்பிட்டாள். "செவ்வந்தி! கார்கால விழா வருகிறது. எனக்கொரு சட்டை செய்!"

"ஆகட்டும் அம்மா. ஆனால் சட்டை தைப்பது என்றுதான் சொல்வார்கள். செய்வது என்று சொல்வதில்லை."

"எனக்கே தமிழ் சொல்லித் தருகிறாயா? நான் சொன்னதுதான் தமிழ். சட்டை செய்!"

ஓணான் தலையாட்டியது.

செவ்வந்தி பூவரச இலையில் தைத்துக் கொண்டுவந்தாள். "பச்சை அதிகம்!" என்று அதைத் தூக்கி எறிந்தாள் அம்மாள். பழுத்த இலையில் தைத்தாள். "இது என்ன, மஞ்சள்காமாலையா?" தளிரில் தைத்தாள். "நரம்பு தெரிகிறது! நரம்பில்லாத இலை கொண்டு வா!"

"நரம்பில்லாத இலை எங்கே அம்மா இருக்கும்?"

"தேடத்தானே உனக்கு இறக்கை இருக்கிறது!"

செவ்வந்திக்கு மனசுக்குள் வேறு கவலை. வயிற்றில் முட்டை இருந்தது. மழை பிடிப்பதற்குள் கூடு தைத்தாக வேண்டும். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவளுக்குத் தன் கூட்டுக்கு ஓர் இலை மடிக்க நேரமில்லை. பாவம்!

"அம்மா, எனக்கு இரண்டு நாள் லீவு வேண்டும். கூடு கட்டணும். முட்டையிடப் போகிறேன்."

மாணிக்கம்மாளின் நாக்கு வெளியே வந்துவிட்டுப் போனது. "முட்டையா? அதற்கு எதற்குக் கூடு? என் புற்றிலேயே இடு. நான் பார்த்துக்கொள்கிறேன்!"

ஓணான் தலையாட்டியது. பிறகு கொஞ்சம் யோசித்தது. அப்படியும் ஆட்டிக்கொண்டுதான் இருந்தது.

"வேண்டாம் அம்மா. கூடே போதும்."

"அப்படியானால் லீவும் இல்லை! வேலையை விட்டுப் போனாயோ, இந்தக் காட்டில் உன் தையலை ஒருவரும் தொட மாட்டார்கள். நான் ஒரு சீறல் சீறினால் போதும்!"

செவ்வந்தி பயந்துதான் போனாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

விழா நாளும் வந்தது. நரம்பில்லாத இலை கிடைக்கவில்லை. வருவது வரட்டும் என்று, தூக்கி எறிந்த அதே பூவரச இலைச் சட்டையை எடுத்துவந்து நீட்டினாள் செவ்வந்தி.

"ஆகா! இதைத்தான் கேட்டேன்! நரம்பே இல்லை. என் கண்ணுக்கு எதுவும் தப்புமா?"

செவ்வந்தி அந்தக் கண்ணைப் பார்த்தாள். பால் படிந்ததுபோல வெளுத்திருந்தது. சட்டை உரிக்கப் போகும் பாம்புக்குக் கண் மங்கிவிடும். அம்மாளுக்கு எதுவுமே தெரியவில்லை! கண் தெரிந்தபோது குறை சொன்னாள், தெரியாதபோது தீர்ப்புச் சொல்கிறாள்.

"இவளுக்கா இத்தனை நாள் நடுங்கினேன்!" செவ்வந்திக்குக் கோபம் பொங்கியது.

மிருகங்கள் எல்லாம் கூடின. இலைச் சட்டையோடு மாணிக்கம்மாள் நடுவில் நெளிந்து வந்தாள். "பார்த்தீர்களா? நாளை முதல் எல்லாருக்கும் இதேதான். செவ்வந்தி, இங்கேயே உட்கார்ந்து எல்லாருக்கும் சட்டை செய்!"

செவ்வந்தி ஒரு முட்செடியின் உச்சியில் போய் உட்கார்ந்தாள். "முடியாது!"

ஓணானின் தலை பாதியில் நின்றது.

"அன்று பச்சை அதிகம் என்று எறிந்தீர்களே, அந்தச் சட்டைதான் இது! நரம்பில்லாதது இந்தக் காட்டில் ஒன்றே ஒன்றுதான் அம்மா. அது உங்கள் நாக்கு!"

"என்னடி துணிச்சல்! மரியாதையாகச் சட்டை செய்!"

"இத்தனை நாள் செய்தேன். இனிமேல் உங்களைச் சட்டை செய்ய மாட்டேன்!"

முதலில் சிரித்தது மந்திதான். பிறகு காடே சிரித்தது. மாணிக்கம்மாள் குரல் வந்த பக்கம் சீறிப் பாய்ந்தாள். வாயில் அகப்பட்டது முள். சட்டை இரண்டாகக் கிழிந்தது. வந்த வழி தெரியாமல் தடவித் தடவிப் புற்றுக்குள் போய்ச் சேர்ந்தாள்.

"இனி என் தையலை யார் தொடப்போகிறீர்கள்?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"முதலில் உன் கூட்டைத் தை! எங்கள் சட்டைக்கு என்ன அவசரம்?" என்றது முயல். மந்தி தேக்கு இலையைப் பிடித்துக்கொள்ள, மழைக்கு முன்பே கூடு முடிந்தது.

ஓணான் மெல்ல வந்தது. "உன்னிடம் எனக்கு வேலை கிடைக்குமா?"

"தலையை ஆட்டாமல் கேள், தருகிறேன்!"

ஓணான் எவ்வளவோ முயன்று பார்த்தது.

சில நாளில் புற்றின் வாசலில் மாணிக்கம்மாளின் பழைய சட்டை உரிந்து கிடந்தது. செவ்வந்தி அதில் ஒரு துண்டைக் கிழித்துக் கொண்டுவந்து தன் முட்டைகளுக்கு அடியில் விரித்தாள். நல்ல மெத்தையாக இருந்தது.

உழைப்பை மதிக்காதவர் எத்தனை பெரியவராக இருந்தாலும், அவரைச் சட்டை செய்ய வேண்டியதில்லை.