தொண்ணூறு சதவீத மழை

கருங்கழி உப்பளத்துக்காரர்கள் மொத்தம் ஏழு பேர். ஏழு பேருக்கும் சொன்ன சொல்லைத் தட்டத் தெரியாது. அவர்களுக்கு இருந்த ஒரே கஷ்டம் அதுதான்.

போன வருஷம் "வறண்ட வானிலை" என்று செய்தியில் சொன்ன அன்றைக்கே மழை கொட்டி, குவித்து வைத்த உப்பெல்லாம் கடலுக்கே திரும்பிப் போனது. இன்னொரு தடவை அப்படிப் போனால் அளத்தை விற்க வேண்டியதுதான். அதனால் இந்த வருஷம் ஒரு தனியார் செயற்கைக்கோள் கம்பெனியைக் கூப்பிட்டார்கள். மெர்லின் என்ற பெண் வந்தாள்.

"எங்க செயற்கைக்கோள் தினமும் காலையில பத்து மணிக்கு இந்தப் பக்கமாப் போகும். காத்துல எவ்வளவு ஈரம்னு அளக்கும். அதையும் கம்ப்யூட்டர்ல சேர்த்துக் கணக்குப் போட்டா, மழை எப்போன்னு இன்னும் சரியாத் தெரியும். போன்ல சொல்லுவோம், நீங்க உப்பை மூடிக்கிடுங்க."

அவள் பஸ் ஏறியதும் தலைவர் ஆத்திமுத்து கூட்டம் போட்டார்.

"ஈரத்தை அளக்குமாம்லா. நம்ம ஈரத்தையும் சேர்த்து அளந்துட்டா?"

"கணக்கு கெட்டுப்போகும் அண்ணாச்சி," என்றாள் பவுனுத்தாய்.

மறுநாளிலிருந்து பத்து மணிக்குக் கருங்கழியில் யாரும் குளிக்கவில்லை. கொடியில் கிடந்த துணியெல்லாம் ஈரத்தோடு பெட்டிக்குள் போனது. சேர்மக்கனிக்கு ஜலதோஷம். அவனைப் போர்வைக்குள் உட்கார வைத்தார்கள். உள்ளேயே தும்மிக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் போனில் தகவல் வந்தது: "இன்று மாலை நான்கு மணிக்குப் பலத்த மழை. வாய்ப்பு தொண்ணூறு சதவீதம்."

அளத்தில் உப்பைப் பத்து அம்பாரமாகக் குவித்து வைத்திருந்தார்கள்.

"தொண்ணூறு சதவீதம்னா பத்துல ஒம்பது," என்றார் ஆத்திமுத்து. "ஒம்பது அம்பாரத்துல பெய்யும். ஒண்ணுல பெய்யாது."

"எந்த ஒண்ணுல?" என்றான் சேர்மக்கனி.

பெரிய கேள்விதான். அரை மணி நேரம் யோசித்தார்கள்.

"பேசாம பத்தையும் மூடிருவோமா?" என்று சேர்மக்கனியே கேட்டான்.

"மூடினா, அந்தப் பிள்ளை சொன்னதை நாம நம்பலைன்னுல்லா ஆகும்!" என்று பவுனுத்தாய் கோபப்பட்டாள்.

ஒன்பதைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். தெற்கு ஓரத்து அம்பாரத்தை அப்படியே விட்டார்கள்.

சொன்ன நிமிஷத்துக்கு மழை வந்தது. தெற்கு அம்பாரம் கண்ணெதிரே கரைந்து வாய்க்காலில் ஓடியது. ஆத்திமுத்து மெர்லினுக்குப் போன் போட்டார்.

"இப்படிப் பண்ணிட்டியேம்மா! பத்துலயும் பெய்யுதே!"

மெர்லினுக்குக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது.

"பெய்யுதா? ரொம்ப சந்தோஷம் ஐயா! எங்க கணக்கைச் சரிபார்க்க ஆதாரம் வேணும். மழையில நனையற உப்பை ஒரு போட்டோ எடுத்து உடனே அனுப்புங்க."

ஆத்திமுத்து தெற்கே பார்த்தார். அங்கே நனைவதற்கு உப்பு இல்லை.

"ஏலே, அந்த ஒம்பதையும் திறங்கலே!"

திறந்தார்கள். ஆறு ஆண்களும் தலைசீவி, உயரப்படி வரிசையாக நின்றார்கள். பவுனுத்தாய் போனுக்குக் குடை பிடித்துப் படம் எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் யாராவது கண்ணை மூடிவிட்டார்கள். வெகுநேரம் கழித்து ஒரு படம் அருமையாக விழுந்தது. ஆறு பேரும் சிரிக்கிறார்கள், பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்.

பவுனுத்தாய் கீழே ஒரு வரி எழுதி அனுப்பினாள்: "உப்பு எங்காளுகளுக்குப் பின்னால இருக்கு. நல்லா நனைஞ்சிருக்கு."